செவலையோட கயிறும் செங்கோடண்ணனும்

மாட்டுத் தரகர் செங்கோடண்ணன் போயிட்டாராம். இப்பத்தான் நாமகிரிப்பேட்டையில இருந்து போன் வந்துச்சு...

போனை வெச்சதுல இருந்து எங்க செவலை மாட்டோட கழுத்து மணி கேட்டுக்கிட்டே இருக்குது. கட்டுத்தறி காலிதான். ஆனாலும் கேக்குது.

என் மக கவிதாவுக்கு காலேஜ் சீட்டு கெடச்ச வருசம். மறுநாளுக்குள்ள பீஸ் கட்டலைன்னா சீட்டு போயிரும். லாரியில வடக்க போயிருந்த எங்கூட்டுக்காரரு, சாப்பாட்டுக்குக் குடுக்கற படிக்காசக்கூட செலவழிக்காம அனுப்பியிருந்தாரு. அப்பவும் பத்தல.

நான்தான் செவலைய சந்தைக்கு ஓட்டிட்டுப் போனேன். ஆடிக் காத்து... புழுதியில முன்னால போற மாடே தெரியல. மணி மட்டும்தான்.

துண்டுக்கடியில விரலப் புடிச்சு வெல பேசறது அங்க வழக்கம். பொம்பள கையப் புடிக்க முடியாதுன்னு செங்கோடண்ணன் சத்தமாவே பேசுனாரு.

"ஏனம்மிணி, பொட்டப்புள்ள படிப்புக்கா கறக்கற மாட்ட விக்கற? நாளைக்கு காப்பிக்குப் பாலு காலேஜுல இருந்து வருமா?"

சந்தையே சிரிச்சுது. யாரு யாரு சிரிச்சாங்கன்னு இன்னிக்கும் பேர் சொல்லுவேன்.

ஆனா வெல மட்டும் கொறைக்கல. ஏவாரிகிட்ட மல்லுக்கட்டி வாங்கிக் குடுத்தாரு. அதையும் சொல்லோணும்ல.

பணத்த முந்தானையில முடிஞ்சுக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடிட்டேன். மாட்ட வித்தா அதோட கயித்த அவுத்து நாம கொண்டாந்துரோணும், இல்லீன்னா அப்பறம் கட்டுத்தறியில மாடு தங்காதும்பாங்க. அவசரத்துல மறந்தே போச்சு.

பஸ் நகருது. பின்னாலயே ஓடியாராரு மனுசன்.

"கயித்த விட்டுட்டுப் போறயே அம்மிணி!"

ஜன்னல் வழியா மடியில போட்டாரு. ஈரமா இருந்துச்சு... செவலை வாசம்.

அந்தக் கயித்துலதான் கவிதா பெட்டியக் கட்டி ஹாஸ்டலுக்கு அனுப்புனோம். அங்க அவ துணி காயப்போட்டதும் அதுலதான்.

பொறகொருக்கா ஒரு கல்யாணத்துல பாத்தாரு. "பாப்பா என்ன பண்ணுது அம்மிணி?"ன்னாரு. மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். சிரிச்சது சிரிச்சதுதானே.

நேத்து மத்தியானம் கண்ணசந்தப்ப செவலை வந்துச்சு. புழுதிக்குள்ள மெதுவா நடந்து போவுது... பக்கத்துல துண்டு போட்ட ஒரு ஆளு. மூஞ்சி தெரியல.

அண்ணா, அன்னிக்குக் கேட்டீங்களே, இப்பச் சொல்றேன். பாப்பா காலேஜுல பாடம் நடத்துதுங்க. எங்கூட்டுக் காப்பிக்குப் பாலு இப்ப காலேஜுல இருந்துதானுங்க வருது.

பாத்துப் போங்க.