மூன்று தட்டு

நான் லேசில் எதையும் நம்புகிற ஆள் இல்லை. டிவி ரிப்பேருக்குப் போகிற வீட்டில் முதலில் பிளக்கைச் சந்தேகப்படுவேன், அடுத்து வீட்டுக்காரரை. அப்படிப்பட்ட எனக்கே இது நடந்தது. போன டிசம்பரில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய கோரமண்டல் லைன் வீடு ஒன்றில். கூட்டிக் குறைத்து எதுவும் சொல்லவில்லை.

கூப்பிட்டவர் ஐடா ஆன்ட்டி. எழுபது வயது, தனியாக இருக்கிறார். பெங்களூரு ஓட்டல் ஒன்று கழித்துவிட்ட பழைய புரொஜெக்‌ஷன் டிவியை மகன் வாங்கிப் போட்டிருந்தான். பீரோ அளவுப் பெட்டி. உள்ளே மூன்று ட்யூப், ஒரு பெரிய கண்ணாடி. படம் பின்னாலிருந்து திரையில் விழும். அந்தப் படம்தான் அளவுக்கு மீறிப் பெரிதாகி, கீழே சரிந்து, ஓரமெல்லாம் வெட்டுப்பட்டுக் கிடந்தது.

"என் தம்பி கல்யாண வீடியோ. எங்க ஊட்டுக்காரரு முன்னாடி தரையில உக்காந்துனு கீறாரு. அவரு வீடியோல கீறது இது ஒண்ணுலதான். போன்ல பார்த்தா கண்ணு தெரியல. இதுல அவரே தெரியல."

அவர் வரும் இடத்தில் வீடியோவை நிறுத்திவைத்து, படத்தின் அளவைக் குறைத்தேன். பக்கவாட்டு ஓரங்கள் வந்துவிட்டன. கீழ்ப்பக்கம் மட்டும் வரவில்லை. படத்தை ஏற்றி இறக்கும் திருகு பெட்டிக்குள், பின்பக்கம் இருந்தது. அங்கே உட்கார்ந்தால் திரை தெரியாது.

"முன்னாடி உக்காந்து சொல்லுங்க ஆன்ட்டி."

"பெட்டி மேல தட்டுறேன் தம்பி. ஒண்ணு தட்டுனா மேல ஏத்துங்க. ரெண்டுன்னா இறக்குங்க. ஓடினு இருக்கும்போது ஒண்ணு தட்டுனா நிறுத்துங்க. எங்க ஊட்டுக்காரரு சுரங்கத்துல ஆளை ஏத்தி இறக்குற கேஜுக்கு அப்படித்தான் பெல்லு குடுப்பாரு."

மாலை 6.40. வெளியே இருட்டிவிட்டது. பெட்டிக்குள் தலையை விட்டேன்.

டங்... டங்...

இரண்டு. ஏற்கெனவே கீழே கிடக்கிற படத்தை இன்னும் இறக்கச் சொல்கிறார். என்னை வைத்து விளையாடுகிறாரோ என்று எரிச்சல் வந்தது. இறக்கினேன்.

திருகு இறங்கியது... இறங்கிக்கொண்டே இருந்தது. இந்நேரம் திருகு முட்டி நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

டங்.

நிறுத்தினேன். அப்போதுதான் உறைத்தது. இந்தப் பெட்டி வெறும் பலகை. தட்டினால் 'டொக்' என்றுதான் கேட்கும். இது இரும்புச் சத்தம்.

"எதுல தட்டுறீங்க ஆன்ட்டி?"



டங்... டங்... டங்...

மூன்று. மூன்றுக்கு என்னவென்று அவர் சொல்லவே இல்லை.

பயந்துவிட்டேன்.

டங்.

ஏற்றினேன். அந்தச் சின்ன பிளாஸ்டிக் திருகு, நிறைந்த வாளியைக் கிணற்றிலிருந்து இழுப்பதுபோல் கனத்தது.

"போதுமா?"

திருகிலிருந்து கையை எடுத்தேன்.

"ஆன்ட்டி...?"

எழுந்து முன்னால் வந்தேன்.

நாற்காலி காலி.

திரையில் கல்யாணக் கூட்டம். கீழே, தரையில் உட்கார்ந்த ஒருவர் மார் வரைக்கும் தெரிந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஐடா ஆன்ட்டி உள்ளே வந்தார். இடுப்பில் குடம்.

"நீங்க பின்னாடி போனதுமே குழாய்ல தண்ணி வந்துடுச்சு தம்பி. ஓடிட்டேன்."

திரையைப் பார்த்தார். குடத்தை இறக்காமல் அப்படியே நின்று அழுதார். நான் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. பெட்டியை மூடிவிட்டுக் கிளம்பினேன்.

பக்கத்து வீட்டில் யாரோ தட்டியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மனம் கேட்கவில்லை. மறுநாள் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் கிளாரன்ஸ் அங்கிளைப் பார்த்தேன். சுரங்கத்தில் கேஜை ஏற்றி இறக்கும் இன்ஜினை ஓட்டியவர் அவர். தட்டுகளை வரிசையாகச் சொன்னேன்.

"மூணுன்னா ஆள் ஏறியாச்சுன்னு அர்த்தம். அப்புறம் ஒண்ணு குடுத்தா மேல எடுக்கணும். யாரு ஊட்ல இது?"

சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"ஏனோக் ஊடு. அவன் கீழ் லெவல்ல கல்லு சரிஞ்சு பூட்டான்ப்பா. இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சு. பாடி மேல வரவே இல்ல." கிட்டே வந்து கேட்டார். "கடைசியா ஸ்டாப் பெல்லு குடுத்தானா?"

"இல்ல."

அங்கேயே நின்று ஐடா ஆன்ட்டிக்குப் போன் போட்டேன்.

"படம் ஒரே இடத்துல நிக்குதா ஆன்ட்டி?"

"இல்ல தம்பி. அதுவா மேல ஏறினே கீது. நேத்து மார் வரைக்கும்தான் தெரிஞ்சாரு. இன்னிக்கு காலு தெரியுது."

"வந்து சரி பண்ணட்டுமா?"



"வேணாம். ஏறட்டும்."