எங்கள் வீட்டில் யாரும் படுத்துக் கிடந்ததில்லை

முதலில் வலித்தது தாடை. நெஞ்சு இல்லை. கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் வந்து பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஸ்டேஷனில் இறங்கிப் படி ஏறும்போது இடது கடைவாயிலிருந்து காது வரைக்கும் ஓர் இழுப்பு. நின்றால் போய்விடும், ஏறினால் வரும். பல் வலி எங்காவது படி பார்த்து வருமா? அந்த யோசனையே எனக்கு வரவில்லை, பாருங்கள். கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு நாளை ஓட்டினேன்.

கடைசியில் பல் டாக்டரிடம் போனேன். சின்ன வயதுப் பையன். வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "பல்லுல ஒண்ணும் இல்ல ஆன்டி. படி ஏறினா மட்டும் வலிக்குதா? நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டுப் போறேன்னு சொல்லாதீங்க" என்றார். நாற்பத்து மூன்று வயதில் நான் ஆன்டியா என்று கோபம்தான் முதலில் வந்தது. அன்று சாயங்காலம் அரசாங்க ஆஸ்பத்திரியின் நடைபாதையில், தள்ளுவண்டிக் கட்டிலில், மேலே ஓடும் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

இதய நோயைப் பற்றிப் பொதுவாகச் சொல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். நான் எழுதுவது, "எங்க வீட்டுல எல்லாருமே இப்படித்தான் போனாங்க" என்று பேசுகிற வீடுகளுக்கு.

ஆஞ்சியோகிராம் (மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு, இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய்களைப் படம் எடுப்பது) செய்தார்கள். இரண்டு இடத்தில் அடைப்பு. ஸ்டென்ட் (அடைப்பை விரித்துப் பிடித்து வைக்கும் சின்ன உலோக வலை) வைத்தார்கள். உயிர் பிழைத்தேன். கதை அங்கேதான் ஆரம்பித்தது.

வார்டுக்கு வந்த டாக்டர் ஒரு மலாய்ப் பெண். மலாயிலும் ஆங்கிலத்திலுமாகப் பேசினார், நான் தமிழில் எழுதுகிறேன். போர்வையை விலக்கி என் குதிகாலுக்கு மேலே இருக்கும் நரம்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"இது எப்பவுமே இவ்வளவு தடிப்பா?"

"எங்க வீட்டுல எல்லாருக்கும் அப்படித்தான் டாக்டர். அப்பா ரயில்வேல இருந்தார். சப்பாத்துக்குப் பின்பக்கத்தை மிதிச்சுத்தான் போட்டுக்குவார்."

"அப்பா எப்படி இறந்தார்?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. நாங்கள் கத்தோலிக்கர். நல்மரணத்துக்குக் காவல் சூசையப்பர். எங்கள் வீட்டுக்கு அவர் விசேஷமாக அருள் கொடுத்திருக்கிறார் என்று ஜெபம் முடிந்ததும் பெரியவர்கள் சொல்வார்கள். படுக்கையில் புண் வந்து, பீ மூத்திரம் அள்ள ஆள் வைத்து, எங்கள் வீட்டில் யாரும் போனதில்லை. அப்பா பேட்மிண்டன் ஆடும்போது, நாற்பத்து நான்கில். பெரிய சித்தப்பா சாப்பாட்டு மேசையில், கையைக்கூடக் கழுவாமல். அத்தை துணி காயப் போடும்போது. டாக்டரின் முகம் மாற மாற நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். சின்னச் சித்தப்பா மட்டும்தான் எழுபதைத் தாண்டி இருக்கிறார், அவரைச் சூசையப்பர் மறந்துவிட்டார் என்று நாங்கள் கிண்டல் செய்வோம் என்றுகூடச் சொன்னேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ரத்தத்திலிருக்கும் கெட்ட கொழுப்பை எடுத்துக் கழிப்பது ஈரலின் வேலை. எங்களுக்கு அந்த வேலைக்கான மரபணுவில் (பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் உடற்குறிப்பில்) பழுது. பிறந்த நாளிலிருந்தே கொழுப்பு குழாய்களில் படிகிறது. குதிகால் நரம்பிலும் படிகிறது. பெற்றவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, காசைச் சுண்டிப் போடுகிற மாதிரி. எனக்கு ரத்தக் கொதிப்பும் இருந்தது. அதுவும் பரம்பரைதான், ஆனால் அதன் கதை வேறு என்றார். அதில் பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருகின்றன, உப்பும் உடம்புப் பருமனும் கவலையும் மிச்சத்தைச் செய்கின்றன. இரண்டும் ஒருவருக்கே வந்தால் குழாய்க்கு இரட்டை அடி.

"கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

இருந்தார். சேவியர் அண்ணன். பண்டமாரானில் வீடு, போர்ட்டில் லோரி ஓட்டுகிறவர். ஒல்லியான உடம்பு. நான் வீட்டுக்கு வந்த வாரமே அவரிடம் போய்ச் சொன்னேன்.

"எனக்கு ரத்தக் கொதிப்பு இல்ல, இனிப்பு நீர் வியாதி இல்ல. சும்மா இருக்கிற உடம்பைப் போய் நோண்டச் சொல்றியா?" என்றார்.

"ரத்தம் குடுத்துட்டு வாங்கண்ணே, அவ்வளவுதானே."

"அப்பா மாதிரி பொசுக்குனு போயிட்டா அது ராஜா சாவு லா. உன்னை மாதிரி டப்பா டப்பாவா மாத்திரையை வச்சுக்கிட்டு யாரு காலத்தை ஓட்டுறது?"

"உங்களுக்கு ராஜா சாவு. அண்ணிக்கும் ஷெரினுக்கும்?"

ஷெரின் அவருடைய ஒரே மகள். அப்போது பதினாறு வயது, உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் அவள் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி லா, கிறிஸ்துமஸ் முடியட்டும்" என்றார். கிறிஸ்துமஸ் முடிந்தது. சீனப் பெருநாள் முடியட்டும் என்றார், அதற்கு முன்னால் போர்ட்டில் வேலை நெரியும். நான் வற்புறுத்தினால் சண்டை வரும் என்று விட்டுப் பிடித்தேன்.

பெருநாளுக்கு முன் ஒரு காலையில், போர்ட் கேட்டுக்கு வெளியே வரிசையில் நின்ற லோரிக்குள் அண்ணன் செத்துப்போனார். பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்திருக்கிறார்கள். லோரி நகராததால்தான் இறங்கி வந்து பார்த்திருக்கிறார்கள்.

பெட்டியைக் கோயிலுக்குத் தூக்குவதற்கு முன்னால் வீட்டில் ஜெபம். முடிந்ததும் சின்னச் சித்தப்பா எழுந்தார். எங்கள் வீட்டுச் சாவு எல்லாவற்றிலும் அவர்தான் பேசுவார்.

"ஒரு நிமிஷம் படுக்கல. யாருக்கும் பாரமில்ல. போற நேரத்துலயும் ஹேண்ட் பிரேக்கை இழுத்து விட்டுட்டுத்தான் போயிருக்கான், அடுத்தவனுக்கு ஆபத்து வரக்கூடாதுன்னு. கொடுத்து வச்சவன். நம்ம வீட்டு ராசி அது."

எல்லாரும் தலையாட்டினார்கள்.

"போதும் சித்தப்பா!" என்று கத்தினேன். "ராசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இது வியாதி. இதுக்குப் பேர் இருக்கு, மாத்திரை இருக்கு. அப்பாவைக் கொன்னது, அத்தையைக் கொன்னது, இப்ப இவரைக் கொன்னது எல்லாம் ஒண்ணுதான். இங்க உட்கார்ந்திருக்கிற நம்ம ரத்தம் அத்தனை பேரும் போய் டெஸ்ட் பண்ணுங்க. ஷெரின், நீயும்தான்."

ரெஜினா அண்ணி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கல்லறையிலிருந்து திரும்பியதும் சமையற்கட்டில் பிடித்துக்கொண்டார்.

"என் புருஷன் பெட்டிக்குள்ள படுத்திருக்கும்போது என் பொண்ணு பேரை ஏன் இழுத்த? அத்தனை பேர் காதுலயும் போட்டுட்டியே. நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவங்க என்ன சொல்வாங்க? உனக்குக் கல்யாணம் இல்ல, பிள்ளை இல்ல. உனக்கு என்ன தெரியும்?"

அந்த வார்த்தை இன்னும் ஆறவில்லை. ஆனாலும் சொல்கிறேன், அன்று பேசியதற்கு நான் வருத்தப்படவில்லை. நேரம் தப்பு என்றார்கள். அண்ணனுக்கு நேரம் பார்த்துப் பார்த்துத்தானே விட்டேன்?

அண்ணி குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிக்கொண்டார். போனை எடுப்பதில்லை. நான் வேலைக்குத் திரும்பினேன். உடம்பு தேறுவது என்று எல்லாரும் சொல்கிறார்கள், அது எப்படி இருக்கும் என்று யாரும் சொல்வதில்லை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தலையணைக்குள் துடிப்பு கேட்கும், புரண்டு படுப்பேன். ஏப்பம் வந்தாலும் பயம், கொட்டாவி வந்தாலும் பயம். முன்பெல்லாம் என் நெஞ்சுக்குள் ஒன்று அடித்துக்கொண்டிருப்பதே எனக்குத் தெரியாது. இப்போது அது அடுத்த அறையில் இருக்கும் நோயாளி மாதிரி. சத்தம் வந்தாலும் காது கொடுக்கிறேன், வராவிட்டாலும் கொடுக்கிறேன். உங்களுக்கும் இப்படி இருந்தால், உங்களுக்குப் பைத்தியம் இல்லை.

சொந்தத்தில் சிலர் டெஸ்ட் எடுத்தார்கள், சிலருக்கு இருந்தது. சின்னச் சித்தப்பாவும் போய் ரத்தம் கொடுத்தார். அவருக்கு ஒன்றுமில்லை. ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கிளினிக் வாசலில் உட்கார்ந்து, "அத்தனை பேரையும் நான்தான் வாழ்த்தி அனுப்பினேன்" என்று அழுதாராம்.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் கதவைத் தட்டும் சத்தம். அண்ணியும் ஷெரினும். அண்ணி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"இவ என்ன கேட்டா தெரியுமா? 'கல்யாணம், கல்யாணம்ங்கிறீங்களே, அப்பா மாதிரி நானும் போயிட்டா யாருக்கும்மா கல்யாணம் பண்ணி வைப்பீங்க'ன்னு கேக்குறா, ஸ்டெல்லா. பெத்தவகிட்ட கேக்குற கேள்வியா இது?"

"உள்ள வாங்க அண்ணி" என்றேன்.

மூவருமாகத்தான் போனோம். ரிசல்ட் வாங்கப் போனதும் மூவருமாகத்தான். ஷெரினுக்கு இருந்தது. அண்ணி கதறவில்லை, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், பிடித்த இடம் கன்றிப்போயிற்று. இந்த வயதிலேயே மாத்திரையை ஆரம்பித்துவிட்டால் குழாய் அடைக்காமல் நெடுநாள் காப்பாற்ற முடியும், ஆனால் ஆயுள் முழுக்க விடக்கூடாது என்றார் டாக்டர்.

மருந்தை வாங்கிக்கொண்டு கேண்டீனில் உட்கார்ந்தோம். அண்ணி தேத்தண்ணி வாங்கப் போனார். ஷெரின் அந்த மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, ஆயுசு பூராவும்னா நம்ம வீட்டுல அது எவ்வளவு?"

பொய் சொல்ல வாய் வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலடி" என்றேன். "நம்ம வீட்டுல இந்த வியாதியோட யாரும் முழு ஆயுசு வரைக்கும் போய்ப் பார்த்ததில்ல."