பிறிட்ஜ் கதவில் சிரித்தவர்

அஜின்கோர்ட் என்ற புறநகரில் சித்தப்பா வீட்டுப் பிறிட்ஜ் கதவில் ஒரு காந்த அட்டை ஒட்டியிருந்தது. கோட் போட்ட ஒரு மனிதர் அதில் சிரித்துக்கொண்டிருப்பார். வங்கியில் வீட்டுக்கடன் எடுத்துக் கொடுக்கும் முகவர். பல்கலைக்கழகம் படிக்க அந்த வீட்டில் தங்கியிருந்த காலம் முழுக்க, பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தச் சிரிப்பில்தான் விழிப்பேன். ஒருநாளும் எனக்கு அவரில் நம்பிக்கை வந்ததில்லை. ஆனால் அவர் ஒரு பொய்யும் சொன்னதாக எனக்குத் தெரியாது. பொய் சொல்லாதவரை எதைச் சொல்லிச் சந்தேகிப்பது?

சித்தப்பாவுக்குப் பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் வேலை. சம்பளம் ஏறுவதே அருமை. ஏறினாலும் பெற்றோலுக்கே காணாது. வீட்டு விலைதான் நிற்காமல் ஏறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலால் வரும்போது, எங்கள் தெருவில் விற்பனைப் பலகை நட்டு, யாரும் வந்து பார்க்கலாம் என்று திறந்து வைத்த வீடு எதைக் கண்டாலும் வேட்டியோடேயே உள்ளே போய்விடுவார். வாங்குவதற்கு அல்ல. அது என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்தால் தன்னுடையதின் விலையும் தெரிந்துவிடும். அங்கே வைத்திருக்கும் பிஸ்கட்டைக் கடித்தபடி சமையலறை அலுமாரிகளைத் தட்டிப் பார்ப்பார். "எங்கட குசினி இதைவிடப் பெரிசு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருவார். சம்பள நாளில் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் கண்டதில்லை.

தெருவில் ஒரு வீடு விற்ற வாரத்தில் முகவர் தவறாமல் தேத்தண்ணிக்கு வந்துவிடுவார். எப்படித்தான் மணந்து பிடிப்பாரோ. "அண்ணை, வீடு படுத்துக்கொண்டே உழைக்குது. நீங்கள் ஏன் ஓவர்டைம் செய்து சாகிறியள்?" என்பார். ஏறிய விலையைக் காட்டினால் வங்கி மேலும் கடன் தரும், வட்டியும் சொற்பம். சித்தப்பாவின் மகள், என் தங்கச்சி, பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்திய வீடு, மண்டபமும் பல்லக்குமாக, அந்தக் காசில்தான் நடந்தது. பிறகு ஸ்ரௌவ்வில்லில் வாடகைக்கு விடவென்று இரண்டாவது வீட்டுக்கு முற்பணம்.

"வட்டி ஏறினால் என்ன செய்வியள், சித்தப்பா?" என்று கேட்டேன்.

"ஏத்தமாட்டாங்கள் பிள்ளை. ஏத்தினால் சனம் விழுந்திடும் எண்டு அவங்களுக்குத் தெரியும்."

ஏற்றினார்கள். ஸ்ரௌவ்வில் வீட்டில் வந்த வாடகை அதன் கடன் தவணைக்கே காணவில்லை. அதை நட்டத்துக்கு விற்றார். மிஞ்சிய கடனுக்காக அஜின்கோர்ட் வீடும் போனது. முகவர்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் இப்போது என் சந்தேகம் அவரோடு நிற்பதில்லை. சம்பளத்தில் கொடுக்காததைக் கடனாகக் கொடுத்து, அதை வசதி என்று நம்பவும் வைத்தது ஓர் ஆளின் கெட்டித்தனமாக இருக்க முடியாது. சம்பளம் ஏறாததைப் பற்றி அந்த வீட்டில் யாரும் முறையிட்டதாக எனக்கு நினைவில்லை. வீடுதான் உழைத்துக்கொண்டிருந்ததே.

இப்போது சித்தப்பாவும் சித்தியும் என் வீட்டுப் பேஸ்மென்றில் இருக்கிறார்கள். போன ஞாயிறு கீழே இறங்கிப் போனேன். அவர்களுடைய சின்னப் பிறிட்ஜில் அதே காந்த அட்டை.

"உவரை ஏன் இன்னும் வைச்சிருக்கிறியள்?"

"அவர் என்ன செய்தவர், பிள்ளை? வீடு ஏறினது உண்மைதானே." பிறகு சித்தப்பாவே கேட்டார்: "பக்கத்து வீட்டை வித்திட்டாங்களாம். உன்ர வீடு இப்ப எவ்வளவு போகும்?"

நான் யோசிக்கவே இல்லை. விலையைச் சட்டென்று சொல்லிவிட்டேன். காலையில்தான் போனில் பார்த்திருந்தேன்.

"பேஸ்மென்றையும் சேர்த்தோ?" என்றார்.

"ஓம்."

அவர் முகம் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் போல மலர்ந்தது. பின்னால், பிறிட்ஜ் கதவில், அந்த மனிதரும் சிரித்துக்கொண்டிருந்தார்.