நில ஆபீசுக்கு வந்த முருகன்

முதல் மகாயுத்தத்தின்போது ஈராக்கின் பாஸ்ராவில் பட்டாளத்தோடு ரயில் பாதை போட்டுவிட்டு உயிரோடு திரும்பியதற்கு எனக்கு ஒரு வெள்ளி மெடல் கொடுத்தார்கள். அதை நான் ஒரு நாள்கூடச் சட்டையில் குத்திக்கொண்டதில்லை. அங்கே காய்ச்சலில் கிடந்தபோது, "முருகா, என்னைத் திரும்ப மலாயாவில், கிள்ளானில் கொண்டுபோய்ச் சேர்த்தால், இந்தச் சண்டையில் எனக்கு எது கிடைக்கிறதோ அது உனக்கு" என்று நேர்ந்திருந்தேன். வந்ததும் கொடுத்துவிட்டேன். ரயில்வே கூலிகள் நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்துக் கோயிலில், உற்சவ மூர்த்தியின் பட்டில் பண்டாரம் அதைக் குத்தினார்.

பல வருஷம் கழித்து, தண்டவாளக் கட்டை விழுந்து என் வலது கால் போனதுபோல ஆயிற்று. வேலை போயிற்று. வேலை போனால் லயத்து வீடும் போகும். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். என் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் எங்கே போய் நிற்பார்கள்?

அந்தச் சமயம்தான், சண்டைக்குப் போய் வந்தவர்களுக்குச் சிலாங்கூர் அரசாங்கம் வீடு கட்ட மனை கொடுக்கிறது என்று கேள்விப்பட்டோம். ஆள் செத்தாலும் மனை பெண்டாட்டி பேரில் நிற்குமாம். சோறு கொதித்துக்கொண்டிருக்கும்போதே என் மனைவி சேலை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

நில ஆபீசில் பதிவு எழுதும் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், நெற்றி நிறைய விபூதி. படையில் கொடுத்த கடிதம் வெள்ளத்தில் போய்விட்டது என்றேன். என் பட்டாள நம்பரை மனப்பாடமாகச் சொன்னேன்.

"நம்பரை ஆரும் சொல்லலாம், காணும். போன கிழமை ஒராள் தமையன்ரை நம்பரோடை வந்தவர். மெடலின்ரை விளிம்பிலை நம்பரும் பேரும் வெட்டியிருக்கும். அதைக் காட்டும், லிஸ்டோடை ஒப்பிட்டுப் பாத்து எழுதுறன்."

"மெடல் முருகன்கிட்ட இருக்குங்க."

"எந்த முருகன்? உம்மடை தம்பியோ?"

"சாமிங்க. நேர்ந்து குத்திட்டேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கிராணிக்கும் சிரிப்பு தாங்கவில்லை. "அப்ப உம்மடை முருகனை இஞ்சை கூட்டிக்கொண்டு வாரும். பாத்து எழுதுறன்."

தலை குனிந்து வெளியே வந்தேன். நேரே கோயிலுக்குப் போனோம். விஷயத்தைக் கேட்ட பண்டாரம், "இதுக்கா இந்த மூஞ்சி? கழட்டித் தர்றேன். ஒரு மணி நேரம்தானே, யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

"அவருக்குத் தெரியும்ல" என்றேன். என்னால் கை நீட்ட முடியவில்லை. உயிரைக் கொடுத்தவரிடம் போய், கொடுத்ததைத் திருப்பிக் கொடு என்று எப்படிக் கேட்பது?

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனைவி திட்டிக்கொண்டே வந்தாள். "சாமிக்கு மெடலக் குடுத்தீங்க, சரி. எங்க மூணு பேருக்கு மரத்தடியக் குடுக்கப் போறீங்களா?" வாய்க்காலருகில் சட்டென்று நின்றாள். "என்னங்க, பங்குனி உத்திரத்துக்கு ரதம் எந்தப் பக்கமா வரும்?"

நில ஆபீஸ் வாசல் வழியாகத்தான் வரும். அர்ச்சனைத் தட்டை ஏந்தி யார் நின்றாலும் ரதம் நின்றே ஆக வேண்டும். எங்கள் ஊர் வழக்கம் அது.

உத்திரத்தன்று காலை, இருவரும் ஆபீஸ் வாசலில் தட்டோடு நின்றோம். மேளம் நெருங்கியது. ரதம் இழுக்கும் மாடுகளின் கயிற்றை மாட்டுக்காரர் இழுத்துப் பிடித்தார். மயில்மேல் முருகன், மார்பில் என் மெடல்.

மனைவி ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டாள். "கிராணி ஐயா! கூட்டிக்கிட்டு வரச் சொன்னீங்கள்ல? வந்துட்டாரு!"

மேளம்கூட ஒரு நிமிஷம் நின்றது. கிராணி கோபித்துக்கொண்டால் எல்லாம் போயிற்று.

கிராணி வெளியே வந்தார். முருகனைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றினார். பட்டியலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரதத்தில் ஏறினார். மெடல் பட்டிலேயே இருக்க, பண்டாரம் விளிம்பை மட்டும் திருப்பிப் பிடித்தார். கிராணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்தார். கடைசியில் என் பெயரையும் என் தகப்பன் பெயரையும் படித்தார். பட்டியலில் விரல் வைத்துத் தேடினார்.

"இருக்கு, காணும்! ஆள் நீர்தான்!"

அரோகரா என்று தெருவே அதிர்ந்தது. நான் தட்டோடு அழுதுகொண்டிருந்தேன். கிராணி இறங்கி வந்து விபூதி பூசிக்கொண்டார். "கூப்பிட்டது நான்தானே? எனக்கும் ஒரு வாழைப்பழம் தாரும்" என்றார். சீப்போடு கொடுத்தாள் என் மனைவி.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது காகிதம் கைக்கு வந்தது. என் பெயருக்குக் கீழே அவள் பெயர். மனையில் வீடு எழுப்பினோம்: அத்தாப்பு ஓலைக் கூரை, பலகைச் சுவர், எங்கள் சொந்த வாசல்.

லயத்தில் இருந்தவரை ரதம் எங்கள் வாசல் வழியாக வந்ததே இல்லை. அடுத்த உத்திரத்துக்கு, என் மனைவி தட்டை ஏந்தித் தன் வாசலில் நின்றாள். ரதம் நின்றது.