கைராசிக்காரியின் அடுப்பு

அடுப்புக்கும் பரீட்சை உண்டு என்றால் சிரிப்பீர்கள். உண்டு. ஓர் அடுப்புத் தொழிற்சாலையின் பின்பக்க அறையில், குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் இரும்பு விறகடுப்புகளை ஒவ்வொன்றாக எரியவிட்டு, ஒரு மணி நேரத்தில் எத்தனை கிராம் புகைக்கரி வெளியே போகிறது என்று பார்ப்பார்கள். புகைபோக்கியில் செருகிய வெள்ளை வடிதாளில் கரி படியும். அந்தத் தாளை முன்னும் பின்னும் நிறுத்தால் கணக்கு வந்துவிடும். பள்ளிக்கூட மார்க்குக்கு நேர் எதிர்: எண் குறையக் குறையத்தான் பெருமை. அந்த எண்ணை அடுப்பின் நெற்றியில் ஒட்டித்தான் கடைக்கு அனுப்புவார்கள்.

அங்கே நெருப்பு மூட்டுகிறவளை எல்லோரும் கைராசிக்காரி என்றே கூப்பிட்டார்கள். அவள் கை பட்டால் அடுப்பு தேறிவிடுமாம். ராசியாவது மண்ணாவது. நன்றாகக் காய்ந்த விறகை ஒரே அளவில் பிளந்து, இடைவெளி விட்டு அடுக்கி, காற்றுத் துவாரத்தைத் திறந்து வைத்துக் கண் கொட்டாமல் பார்த்துக்கொள்வாள். இதில் திருட்டு எதுவும் இல்லை, விதியே அப்படித்தான். ஆனால் எந்த வீட்டில் அப்படி எரிக்கிறார்கள் என்று அவளும் கேட்டதில்லை, வேறு யாரும் கேட்டதில்லை.

அவளுடைய அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே நெஞ்சு பலவீனம். தனியாக இருக்கிறவள். குளிருக்கு ஓர் அடுப்பு வேண்டும் என்றதும், இருப்பதிலேயே சின்ன எண் வாங்கிய அடுப்பைத் தேடிப் பிடித்து அக்கா வீட்டில் இறக்கினாள்.

“இதுல புகையே வராதுக்கா. நானே எரிச்சுப் பாத்தேன்” என்றாள். அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

குளிர்காலம் பாதி கழிந்த பிறகுதான் அவளுக்கு மறுபடி அங்கே போக வாய்த்தது. வாசலிலேயே கரி வாடை. அடுப்புக் கதவின் கண்ணாடி தார் பூசியதுபோல் கறுத்திருந்தது. சுவரோரம் அடுக்கியிருந்த விறகைத் தொட்டால் ஈரம் கையில் ஒட்டியது. காற்றுத் துவாரம் இறுக மூடிக் கிடந்தது. மூடினால்தான் நெருப்பு விடியும்வரை தாங்குகிறது என்றாள் அக்கா. அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. விறகு போடக் கதவைத் திறக்கும்போதெல்லாம் புகை அறைக்குள் வந்திருக்கிறது. போன நுரையீரல் திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் கையை விரித்துவிட்டாராம்.

தங்கை விறகுக் குவியலைக் கிளறினாள். காய்ந்த கட்டைகளாகப் பொறுக்கி, துவாரத்தைத் திறந்து, தானே மூட்டினாள். அக்கா வெளியே போய்ப் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, நீ மூட்டினால் புகையே இல்லை என்று சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தைத்தான் தங்கையால் தாங்க முடியவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகும்போது அக்காவின் விறகில் கொஞ்சம் எடுத்துப் போனாள். அதே ரக அடுப்பில் போட்டு, துவாரத்தை மூடி எரித்தாள். வடிதாள் சட்டியின் அடிப்பக்கம் மாதிரி கறுத்து வந்தது. மேற்பார்வையாளரிடம் காட்டினாள். அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. இப்படி எரித்தால் எந்த அடுப்பும் தேறாது, இது விதியில் வராது என்று பொறுமையாகச் சொல்லிவிட்டுத் தாளைக் குப்பையில் போட்டார். அடுத்த அடுப்பு காத்திருந்தது. அவள் மூட்டினாள், அதுவும் தேறியது.

சாயங்காலம் அக்காவிடம் போய், அடுப்பைக் கழற்றிவிடலாம், ஹீட்டர் ஒன்று வாங்கித் தருகிறேன் என்றாள். இத்தனை நாள் புகையில் கிடந்து ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கோபமாகவே கேட்டாள்.

“நீ எரிச்சுப் பாத்தேன்னு சொன்னியேடி. அப்புறம் அடுப்பையா குறை சொல்ல முடியும்? எனக்குத்தான் மூட்டத் தெரியலன்னு நெனச்சேன்” என்றாள் அக்கா. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “பக்கத்து வீட்டுல பாத்துட்டு உன் அடுப்பப் பத்தி ஏதாவது பேசிடப் போறாங்கன்னு சன்னலையும் சாத்தியே வச்சிருந்தேன்” என்றாள்.

கைராசிக்காரி எழுந்து போய் எல்லாச் சன்னலையும் திறந்தாள். குளிர்காற்று பட்டதும் அக்காவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது, நிற்கவே இல்லை. திறந்தவளே ஒவ்வொன்றாக மறுபடி சாத்தினாள்.