எருசலேம் கிழங்கு

உப்புப் போட்டு அவித்த எருசலேம் கிழங்குக்கு ஈர மண்ணும் கருப்பட்டியும் கலந்த ஒரு வாசனை உண்டு. நினைத்தால் இன்றும் வாயில் எச்சில் ஊறுகிறது, வெட்கமில்லாமல்.

சாத்தான்குளத்தில் எங்கள் கிணற்றடியில் அதைப் பயிரிட்டவள் ஞானம் அத்தை. அப்பாவின் தங்கை, முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் கூடிவராத பள்ளிக்கூட டீச்சர். கொடைக்கானலில் நர்ஸாக இருந்த தோழி, இஞ்சி போல முண்டும் முடிச்சுமாக நாலு கிழங்கும் அதன் பெயரும் கொடுத்தனுப்பியிருந்தாள். பெயர் போதாதா எங்கள் சனத்துக்கு? பரிசுத்த பூமியின் வித்தென்றே நம்பி, சாணி உரம் போட்டு, யாரையும் பாத்தி மிதிக்க விடாமல் வளர்த்தாள். செடி ஆளுயரம் நின்று, சின்னச் சூரியகாந்தியாகப் பூத்து, தண்டு காய்ந்ததும் தோண்டினால் ஒரு ஓலைக் கடவப்பெட்டி நிறையக் கிழங்கு. அதில் வீட்டார் யாரும் கை வைக்கக் கூடாது. ஏரலிலிருந்து பெண் பார்க்க வருகிறவர்களுக்கென்று எடுத்து வைத்திருந்தாள்.

"இதுவும் கூடலைன்னா ஒன்னய இனி எவன் கெட்டுவான்?" என்று அப்பா அவள் முகத்துக்கு நேரே கேட்டார்.

"சாப்பிடுங்கம்மா, ஆண்டவர் நடந்த ஊர்க் கெழங்கு" என்று அத்தை பரிமாற, வந்தவர்கள் பயபக்தியோடு தட்டுத் தட்டாகக் காலி செய்தார்கள். மத்தியானம் தின்றது சாயங்காலம் வாயுவாகி வேலையைக் காட்டியது. நிச்சயத்துக்கு நாள் குறித்துவிட்டு எல்லோரும் முழங்காலிட்டு முடிவு ஜெபம் பண்ணும்போது, மாப்பிள்ளையின் அம்மாவிடமிருந்து நீளமாக ஒரு சத்தம் எழுந்தது. யாரும் கண்ணைத் திறக்கவில்லை, அத்தோடு போயிருக்கும். ஒன்பது வயதுக்காரன் நான்தான், "எருசலேம்ல எக்காளம் ஊதுது!" என்று கத்தினேன்.

"பிள்ளை வளத்த லெச்சணம் நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு அந்தம்மா காரில் ஏறினார். சம்பந்தம் முறிந்தது. அப்பா என்னை விட்டுவிட்டு அத்தையை அறைந்தார்.

ஊதியது ஒருத்தி, பெயர் வாங்கியது இன்னொருத்தி. அந்த வாரம் முடிவதற்குள் அத்தை "எக்காளம் டீச்சர்" ஆகிவிட்டாள். அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் கடைசி பெஞ்சில் ஊதுவார்கள். ஊதக் கற்றுக்கொடுத்தவன் நான், எனக்கு அதில் பெருமைகூட. செடியை அவள் வேரோடு பிடுங்கினாள். மண்ணில் தங்கிய துண்டுகள் மழைக்கு மழை முளைத்தன, அவளும் மழைக்கு மழை கடப்பாரையோடு இறங்கினாள்.

இப்போது கிணற்றடியில் சிமெண்டுத் தளம். அந்தக் கிழங்குக்கும் எருசலேமுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று செல்போனில் படித்தேன். அத்தையிடம் சொல்லத் துணிவு வரவில்லை. கல்யாணம் ஆகாமலே, போன மாதம் இறந்துபோனாள். குழியருகே போதகர், கடைசி நாளில் எக்காளம் ஊதும், மரித்தவர்கள் எழும்புவார்கள் என்று வழக்கம்போலச் சொன்னபோது, கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கும் முட்டிக்கொண்டு வந்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். அழுகிறேன் என்று நினைத்து, பக்கத்தில் நின்றவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.