அறுநூறு யானைகளும் இரண்டு நட்பு நாடுகளும்

விருத்தாசலத்தில் ஒரு தனியார் செராமிக் யூனிட்டில் முப்பத்தொரு வருஷம் சூளைப் பொறுப்பில் இருந்தேன். எத்தனையோ சரக்கு வெந்து கெட்டிருக்கிறது. ஆனால் எங்கோ இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டதற்கு என் சூளை வெடித்தது ஒரே தடவைதான். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்காக அதை எழுதி வைக்கிறேன்.

மங்கலம்பேட்டை ஜாபர் பாய் வளைகுடாவில் பரிசுப் பொருள் கடை வைத்திருக்கிறார். இருபது வருஷ உழைப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்க அறுநூறு யானை உண்டியல் ஆர்டர் கொடுத்தார். முதுகில் காசு போட வாய் வெட்டி, அடியில் காசு எடுக்கத் துளை விட்டு, சாம்பிள் அனுப்பினோம். அது போய் இறங்கிய நேரம் பார்த்து, அந்த நாட்டின் நெருங்கிய கூட்டாளியான ஒரு பெரிய நாடு, 'உங்கள் கடைகளில் வைக்கிற தர்மப் பெட்டிக் காசு தீவிரவாதிகளுக்குப் போகிறது' என்று குற்றம் சாட்டிவிட்டது. பாய் இருக்கிற நாட்டுக்கு ரோஷம். காசு நுழையும் எந்தப் பெட்டிக்கும் லைசென்ஸ் வேண்டும் என்று சர்க்குலர் போட்டுவிட்டார்கள்.

பாய் ஃபோன் செய்தார். மேலேயும் கீழேயும் ஓட்டையே இருக்கக் கூடாதாம், பொம்மை என்று எழுதி அனுப்பிவிடலாமாம். எனக்கு எரிச்சல் வந்தது.

"ஓட்டையே இல்லன்னா அது உண்டியலா பாய், கொழுக்கட்டையா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அண்ணே, இந்தச் சரக்கு மாட்டிக்கிச்சுன்னா என் கடை லைசென்ஸு போயிடும். பொட்டியக் கட்டிக்கிட்டு வூட்டுக்கு வர வேண்டியதுதான். பாத்து செய்யுங்க" என்றார். குரல் உடைந்துவிட்டது. சரி, மூடியே அனுப்புகிறேன் என்றேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் ஃபோன். பொம்மை என்று எழுதியதும் அங்கே சுங்க ஆபீஸில் ஃபைல் வேறு மேசைக்குப் போய்விட்டதாம். அந்த மேசைக்காரருக்குக் கண் வைத்த உருவம் ஆகாது, கண் இருந்தால் அது கும்பிடுகிற சிலையாம், மார்க்கத்துக்கு ஆகாதாம். "நானும் அஞ்சு வேளை தொழுறவன்தாண்ணே, யானைக்குக் கண்ணு இருந்து எனக்கு ஒண்ணும் ஆவல" என்று பாய் புலம்பினார். ஆக, காசு போட முடியாத உண்டியல், பார்க்க முடியாத யானை.

எங்கள் யூனிட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையாரோ, மேரி மாதாவோ, பூனைக்குட்டியோ, எதற்கும் கண்ணைக் கடைசியாக வைப்போம். கண் வைக்காமல் ஒரு பொம்மையும் ஷெட்டைத் தாண்டாது. பதினைந்து வருஷமாகக் கண் வைக்கிற சரோஜா, குருட்டு யானைக்குத் தன் கை வராது என்று பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டாள். நான் கத்தினேன். அவள் அசையவில்லை.

முதலில் ஐம்பது யானையை, அடித் துளையையும் மண்ணால் அடைத்துச் சூளையில் ஏற்றினேன். மூடிய மண்ணுக்குள் காற்று மாட்டினால் சூட்டில் வெடிக்கும் என்பது எனக்குத் தெரியாதா? பாய் குரல் காதிலேயே இருந்தது, புத்தி வேலை செய்யவில்லை. டப்டப்பென்று ஐம்பதும் போயிற்று. ரோட்டில் போன புண்ணியவான் ஒருவன் போலீசுக்குச் சொல்லிவிட்டான். வந்த எஸ்.ஐ. 'வெடிச்சத்தம், வெளிநாட்டு ஆர்டர், மங்கலம்பேட்டை பாய்' என்று வரிசையாக நோட்டில் எழுதிக்கொண்டார். உடைந்த தும்பிக்கை ஒன்றை அவர் கையில் கொடுத்து, "வெடிச்சது யானைங்க சார்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

அவர் போனதும் சரோஜா எழுந்து வந்தாள். ஒரு குடைக்கம்பியை எடுத்து, காயாத யானை ஒவ்வொன்றின் முகத்திலும் இரண்டு குத்து குத்தினாள், சரியாகக் கண் இருக்க வேண்டிய இடத்தில்.

"காத்து போவ வழி வோணுமில்ல? அத எங்க வுட்டா என்ன?" என்றாள்.

உடைந்த ஐம்பதுக்குப் பதில் புதிதாகச் செய்து சேர்த்தோம், அறுநூறும் நல்லபடியாக வெந்தன. துளைகள் சூளைக் காற்றுக்கு மட்டுமே என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அங்கே காசுப் பெட்டி லைசென்ஸைப் பார்க்கிற முதல் மேசைக்காரர் கண் துளையில் ஒரு காசை வைத்து அழுத்திப் பார்த்தாராம். போகவில்லை, பாஸ். அதற்குள் பெரிய நாடு அடுத்த புகாரைக் கிளப்பியிருந்தது. இந்த நாட்டில் மதச் சகிப்பு இல்லையாம். சிலை என்று தடுத்தால் அதுவே சாட்சியாகிவிடும் என்று இரண்டாவது மேசைக்காரர் யானையை உற்றுப் பார்க்கவே பயந்து, கண் எதுவும் காணப்படவில்லை என்று எழுதிவிட்டார். பாய் கடை தப்பியது. ஃபோனிலேயே அழுதார், நானும்தான்.

ஒரு மாதம் போயிருக்கும், பாய் மறுபடி கூப்பிட்டார். கடையில் அந்த இரண்டாவது மேசைக்காரர் யானையோடு நிற்கிறாராம். அவரே தன் மகளுக்கு வாங்கிப் போனது. அந்தப் பிள்ளை பண நோட்டுகளை ஈர்க்குச்சி கனத்துக்குச் சுருட்டி, கண் வழியாகவே உள்ளே தள்ளிச் சேர்த்துவிட்டதாம்.

"ஒடைக்காம வெளிய எடுக்க வழி இருக்குதான்னு கேக்குறாருண்ணே."

இல்லை என்றேன்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். எவ்வளவு பெரிய ஆள் வந்து மூடச் சொன்னாலும், காற்றுக்குத் துளை விடாமல் எதையும் சூளையில் ஏற்றாதீர்கள். எங்கே விடுவது என்று தெரியாவிட்டால் சரோஜாவைக் கேளுங்கள். காலை ஷிப்ட்டில்தான் இருக்கிறாள்.